முட்டை குறைவு என்று தெரிந்த பிறகு

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏ.எம்.எச். என்ற வரிக்கு நேரே 0.6 என்றோ 0.4 என்றோ ஓர் எண் இருக்கும். பக்கத்திலேயே 'குறைவு' என்ற குறிப்பு. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே, கைபேசியில் தேடித் தேடி, இனி தனக்குக் குழந்தையே கிடையாது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். வேறு சிலர் 'ஊசி போட்டால் ஏறிவிடும்' என்று நம்பி அடுத்த வாரமே பணம் கட்டிவிடுகிறார்கள். இரு தரப்பாருமே அந்த எண்ணுக்கு அதன் தகுதிக்கு மீறிய மரியாதை கொடுக்கிறார்கள்.

முட்டை குறைவாக உள்ளவர்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதைவிட, எதுவரை, எவ்வளவு செலவில், எந்த வயதுவரை என்ற கேள்விதான் பெரியது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும். அதற்கு முன் அந்த எண்ணைச் சரியாகப் படித்துவிடுவோம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

பெண் குழந்தை பிறக்கும்போது அதன் முட்டைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும் வயதில் அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் சேர்த்து முதிர்ந்து வெளியே வருபவை 400, 500தான். மற்றவை எல்லாம் மாதந்தோறும் கூட்டமாகக் கிளம்பி, ஒன்றை மட்டும் முன்னே அனுப்பிவிட்டுக் கரைந்துபோகின்றன. மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும், எதுவுமே செய்யாமல் இருந்தாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றிலும் நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாட்டுப் பெண்களைவிட நான்கைந்து ஆண்டு முன்னதாகவே நமக்கு இது வருகிறது. அதனால் வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள வயதுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று இருந்துவிடக் கூடாது.

முட்டைப்பையில் முட்டைகள் வளரும் சிறிய பைகளான ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.எச். அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து, கையிருப்பில் எத்தனை மிச்சம் என்று ஊகிக்கிறார்கள். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை அது ஓரளவு நன்றாகவே சொல்லும். கிடைக்கும் முட்டை நல்லதா என்று அது சொல்லாது. இயற்கையாகக் கரு நிற்குமா என்றும் சொல்லாது. அமெரிக்காவில் 30 முதல் 44 வயதுவரையிலான 750 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாதவர்கள், அப்போதுதான் முயற்சியைத் தொடங்கியவர்கள். மூன்று வருடமாக முயன்றும் நாள் தள்ளிப்போகாத தம்பதிக்கு அந்த ஆறுதல் முழுதாகப் பொருந்தாது. இருந்தாலும் 'ஏ.எம்.எச். குறைவு, ஆகவே தானாக நிற்காது' என்று யாராவது அடித்துச் சொன்னால் அது தவறு.

எண்ணை நம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது அலகு. சில ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகின்றன. சில, லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று தருகின்றன. முதலாவதை 7.14ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். ஒரு தாளில் 5 என்றும் இன்னொரு தாளில் 0.7 என்றும் இருப்பதைப் பார்த்து ஆறு மாதத்தில் எல்லாம் போய்விட்டது என்று அழத் தேவையில்லை. இரண்டும் ஒன்றேதான். இரண்டாவது, கருத்தடை மாத்திரை. மாதவிடாயை ஒழுங்குபடுத்த என்று அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த ஏ.எம்.எச். குறைத்துக் காட்டும். மூன்றாவது, ஸ்கேன். மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் இரண்டு முட்டைப்பைகளிலும் உள்ள சிறு ஃபாலிக்கிள்களை எண்ணுவார்கள். ஐந்து முதல் ஏழுக்குக் கீழே என்றால் குறைவு. ரத்தமும் ஸ்கேனும் ஒன்றையே சொன்னால் நம்புங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டையும் திரும்ப எடுங்கள்.

முட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். பார்ப்பதானால் கூடவே முட்டைப்பை சுரக்கும் எஸ்ட்ரடையாலும் பார்க்க வேண்டும். எஸ்ட்ரடையால் உயர்ந்திருந்தால் அது எஃப்.எஸ்.எச்.சைக் கீழே அமுக்கி, 'எல்லாம் சரி' என்று பொய் சொல்லவைக்கும்.

ஏன் குறைந்தது என்பதற்குப் பெரும்பாலும் வயதுதான் பதில். முட்டைப்பையில் வரும் சாக்லெட் கட்டிக்குச் செய்த அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்க்கான கீமோதெரபி, இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு, புகைப் பழக்கம், அம்மாவுக்கோ அக்காவுக்கோ சீக்கிரமே மாதவிடாய் நின்றிருப்பது ஆகியவையும் காரணமாகலாம். சாக்லெட் கட்டிக்கு இனிமேல்தான் அறுவைச் சிகிச்சை என்று இருப்பவர்கள் கத்தி படுவதற்கு முன்பே ஏ.எம்.எச். பார்த்துவிடுவது நல்லது. கட்டியை உரிக்கும்போது அதனுடன் நல்ல திசுவும் கொஞ்சம் வந்துவிடும். 35 வயதுக்குள் எண் மிகவும் குறைவாக இருந்தால் குரோமோசோம் பரிசோதனையும், ஃப்ரஜைல் எக்ஸ் எனும் மரபணுப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல், எஃப்.எஸ்.எச்.சும் 25க்கு மேல் போயிருந்தால் அது வெறும் முட்டைக் குறைவு இல்லை. முட்டைப்பை முன்கூட்டியே ஓய்ந்துபோகும் நிலை அது. அதற்கான வைத்தியமும் வேறு, அவசரமும் வேறு.

வயதுதான் முதல் எண்

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 31 வயது, ஏ.எம்.எச். 0.6. இன்னொருவருக்கு 41 வயது, ஏ.எம்.எச். 2.2. ஐ.வி.எஃப். ஊசி போட்டால் முதலாமவருக்கு மூன்று முட்டை கிடைக்கலாம். இரண்டாமவருக்கு எட்டு, ஒன்பது கிடைக்கலாம். தாளைப் பார்த்தால் இரண்டாமவர் கொடுத்துவைத்தவர் என்று தோன்றும். ஆனால் 40ஐத் தாண்டியபின் உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. அவை பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் பல முதல் மூன்று மாதத்திலேயே கலைந்துவிடும். முதலாமவரின் மூன்று முட்டைகளும் 31 வயது முட்டைகள். முட்டைக்கு முட்டை பார்த்தால் வாய்ப்பு அவருக்கே அதிகம்.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் 2016இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பொசைடன் என்ற வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் எல்லைக் கோடுகள் 35 வயது, ஏ.எம்.எச். 1.2, ஃபாலிக்கிள் எண்ணிக்கை 5. கையிருப்பு குறைவாக இருந்து வயது 35க்குள் என்றால் மூன்றாம் குழு, 35 ஆகிவிட்டிருந்தால் நான்காம் குழு. 'நான் எந்தக் குழு டாக்டர்?' என்று கேளுங்கள். பதிலைவிட, அதைத் தொடர்ந்து வரும் பேச்சு உங்களுக்கு உதவும். மூன்றாம் குழுவினரின் பிரச்சினை எண்ணிக்கை மட்டும்தான். இரண்டு, மூன்று முறை முயன்று சேர்த்தால் அதை ஈடுகட்டலாம். நான்காம் குழுவினருக்கு எண்ணிக்கை, தரம் இரண்டுமே குறைவு. எத்தனை முறை முயல்வது என்ற கேள்வி அவர்களுக்கு முதல் நாளிலேயே எழ வேண்டும்.

ஐ.யு.ஐ.யில் காலம் போக்கலாமா?

முதலில் கணவரின் விந்துப் பரிசோதனை. மனைவிக்கு நான்கு முறை ஏ.எம்.எச். எடுத்தபிறகும் கணவருக்கு ஒருமுறைகூட எடுக்காத கோப்புகள் இன்றும் இருக்கின்றன. அது செலவு குறைந்த சமாசாரம் என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் குறை இருந்தால் கீழே சொல்லப்போகும் கணக்கு எல்லாமே மாறிவிடும். அடுத்து, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற சோதனை. நம் ஊரில் காசநோய் சத்தமில்லாமல் குழாயையும் கர்ப்பப்பையின் உட்சுவரையும் கெடுத்துவைத்திருப்பது அபூர்வமில்லை. தைராய்டும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து, 35 வயதுக்குள்தான் என்றால், சில மாதங்கள் இயற்கையாக முயல்வதிலோ விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.யை மூன்று முறை செய்து பார்ப்பதிலோ தவறில்லை. பொதுவாக 35க்குள் ஒரு வருடம் பொறுக்கலாம், 35க்குமேல் ஆறு மாதம், 40க்குமேல் பொறுக்கவே வேண்டாம் என்பார்கள். கையிருப்பு குறைவு என்று தெரிந்துவிட்டால் இந்தக் கெடுவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 38 முதல் 42 வயதுவரையிலான பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், ஐ.யு.ஐ. சுற்றுகளில் தொடங்கியவர்களைவிட நேராக ஐ.வி.எஃப்.க்குப் போனவர்கள் குறைந்த சுற்றுகளிலேயே கருத்தரித்தார்கள். அந்த வயதில் ஆறாவது, ஏழாவது ஐ.யு.ஐ. என்று போய்க்கொண்டிருப்பது சிக்கனம்போலத் தெரியும். அதில் கரைவது பணம் மட்டுமில்லை.

ஐ.வி.எஃப்.: நாலு முட்டையின் கணக்கு

மாதவிலக்கான இரண்டாம் நாள் தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, இடையிடையே ஸ்கேன். பிறகு முட்டையை முதிரவைக்கும் டிரிகர் ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் சிறிது மயக்கம் கொடுத்து முட்டையை உறிஞ்சி எடுப்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவானது. கையிருப்பு குறைந்தவர்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் கழித்தலை.

நாலு முட்டை எடுத்தார்கள் என்று வையுங்கள். அதில் மூன்று முதிர்ந்ததாக இருக்கும். அதில் இரண்டு விந்துடன் சேர்ந்து கருவாகும். ஐந்தாம் நாள்வரை வளர்வது ஒன்று. சில சமயம் ஒன்றுமில்லை. இந்த ஒன்று நல்ல கருவாக இருந்தாலும் ஒட்டுவதற்கு உத்தரவாதம் கிடையாது. இந்தச் சரிவு யாருக்கும் நேர்வதுதான். பதினைந்து முட்டை கிடைப்பவருக்கு அது உறைக்காது. நாலே முட்டையில் தொடங்குபவருக்கு ஒவ்வொரு காலையும் மருத்துவமனையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு ஒரு தேர்வு முடிவு மாதிரி இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் குறைந்தபட்சம் 'நேற்று மூன்று என்றார்களே, ஒன்றை என்ன செய்தார்கள்' என்ற சந்தேகமாவது வராது. கருக்கள் மிகக் குறைவாக இருந்தால், ஐந்தாம் நாளுக்குக் காத்திருக்காமல் மூன்றாம் நாளிலேயே கர்ப்பப்பையில் வைப்பதும் முறையான வழிதான்.

'டோஸை ஏற்றினால் முட்டை கூடும்' என்பது இந்தத் துறையின் பழைய நம்பிக்கை. ஊசி புதிய முட்டையை உண்டாக்குவதில்லை. அந்த மாதம் கிளம்பிய கூட்டத்தில் கரைந்துபோக இருந்தவற்றைக் காப்பாற்றி வளர்க்கிறது, அவ்வளவே. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் பரிமாற முடியும். அண்டா நிறையச் சோறு இருக்கிறது என்பதால் வராத விருந்தாளி வந்துவிடமாட்டார். நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், முட்டை குறைவாக வரும் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு டோஸைக் கூட்டிக் கொடுத்தும் குழந்தை பிறப்பது கூடவில்லை. செலவுதான் கூடியது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கமான எஷ்ரேயின் 2019 வழிகாட்டியும் நாளொன்றுக்கு 300 யூனிட்டுக்கு மேல் பரிந்துரைப்பதில்லை. உங்கள் சீட்டில் 450, 600 என்று எழுதியிருந்தால் காரணம் கேட்பதில் தப்பே இல்லை. சுற்றின் செலவில் ஊசி மருந்து பெரும் பங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதிலிருந்துதான் குறைந்த டோஸ் ஐ.வி.எஃப். என்ற வழி வருகிறது. மாத்திரையும் கொஞ்சம் ஊசியும் போதும். ஃபாலிக்கிள் மூன்றே இருப்பவருக்கு அதிக டோஸில் மூன்று முட்டை, குறைந்த டோஸில் இரண்டு அல்லது மூன்று. பணம் மிச்சம், உடம்புக்கும் சிரமம் குறைவு. அந்த மிச்சத்தில் இன்னொரு முறை முயலலாம். என் பார்வையில், கையிருப்பு அடிமட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் அதிக டோஸுக்குச் சம்மதிக்கக் கூடாது.

இன்னொரு வழி, சேர்த்துவைப்பது. முட்டை எடுப்பதை இரண்டு, மூன்று முறை செய்து, கருக்களை உறையவைத்து, கையில் சில சேர்ந்தபிறகு ஒவ்வொன்றாக வைப்பது. ஒரே மாதத்தில் இரண்டு முறை எடுக்கும் முறையும் உண்டு. 37, 38 வயதில், இரண்டு குழந்தை வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் இதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் முதல் முறை எடுத்ததில் நல்ல கரு கிடைத்துவிட்டது, ஒரு குழந்தை போதும் என்பவர்களை மேலும் இரண்டு முறை எடுக்கச் சொன்னால், அது யாருடைய தேவை என்று யோசிக்க வேண்டும்.

பணம் பேசும்போது 'ஒரு சைக்கிள் இவ்வளவு' என்ற மொத்தத் தொகையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். முட்டை எடுப்பதற்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, உறையவைக்க எவ்வளவு, ஆண்டு வாடகை எவ்வளவு, ஒவ்வொரு முறை கருவை வைக்க எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு ஃபாலிக்கிள்தான் வளர்கிறது என்று பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையிருப்பு குறைந்தவர்களுக்குப் பாதியில் நிற்பது அடிக்கடி நடக்கும். 'உங்கள் மருத்துவமனையில் சக்சஸ் எத்தனை சதவீதம்?' என்ற கேள்வியால் பயனில்லை. 'என் வயதில், என் ஏ.எம்.எச். அளவில், ஊசியைத் தொடங்கிய பெண்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?' என்று கேளுங்கள். கருவை வைத்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் விழுக்காடு அழகாக இருக்கும். பாதியில் நின்றவர்களும் கரு உருவாகாதவர்களும் அதற்குள் காணாமல் போயிருப்பார்கள்.

கூடுதல் வைத்தியங்கள்

சீட்டின் அடியில் சில பெயர்கள் சேரும். டி.எச்.ஈ.ஏ. மாத்திரை, வளர்ச்சி ஹார்மோன் ஊசி, டெஸ்டோஸ்டிரோன் ஜெல், கோஎன்சைம் க்யூ10. அண்மைக் காலமாக பி.ஆர்.பி.யும் வந்திருக்கிறது. நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து முட்டைப்பைக்குள் செலுத்துவது அது. 'முட்டைப்பைக்கு இளமை திரும்பும்' என்று விளம்பரம் சொல்கிறது. எஷ்ரே சங்கத்தின் வழிகாட்டிகள் இவற்றில் எதையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தெரிந்து, பெரிய ஆய்வுகளில் மங்கிப்போவதே இவற்றில் பலவற்றின் வரலாறு. க்யூ10 பெரிய தீங்கு செய்யாது, பணம்தான் போகும். டி.எச்.ஈ.ஏ. முகப்பருவையும் தேவையற்ற முடியையும் கொண்டுவரலாம். பி.ஆர்.பி.க்கு மயக்கமும் ஊசியும் வேண்டும். ஒரு பி.ஆர்.பி.யின் செலவில் குறைந்த டோஸ் சுற்றின் ஒரு பகுதி முடிந்துவிடும். நானாக இருந்தால் அந்தப் பணத்தை அடுத்த முட்டை எடுப்புக்கு வைத்திருப்பேன்.

கருவின் குரோமோசோமைப் பார்க்கும் பி.ஜி.டி. சோதனையையும் சொல்வார்கள். பத்து கரு இருப்பவருக்கு எதை முதலில் வைப்பது என்று தேர்ந்தெடுக்க அது உதவும். ஒன்றோ இரண்டோ உள்ளவருக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? கருச்சிதைவு பலமுறை ஏற்பட்டிருந்தால் மட்டும் பேசிப் பாருங்கள். இதே சோதனையில் ஆணா பெண்ணா என்று கேட்பது சட்டப்படி குற்றம்.

லேகியம், சூரணம் சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தராத எதையும், ஊசி போடும் மாதத்தில் சாப்பிட வேண்டாம்.

டோனர் முட்டை

இன்னொரு பெண் கொடையாகத் தரும் டோனர் முட்டை பற்றிய பேச்சைப் பெரும்பாலானவர்கள் கேட்பது, மூன்று முறை தோற்று, கடன் ஏறி, அழுது தீர்த்தபின். அது மிகவும் தவறான நேரம். 43, 44 வயதில் சொந்த முட்டையில் வாய்ப்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருக்கும்போது, இளம் கொடையாளரின் முட்டையில் உருவான கருவை வைத்தால் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. காரணம் எளிது. கருவின் தரம் முட்டையின் வயதைப் பொறுத்தது, கர்ப்பப்பையின் வயதை அவ்வளவாகப் பொறுத்ததில்லை. அதே காரணத்தால்தான் வாடகைத் தாய் இதற்கு விடையில்லை. அது கர்ப்பப்பைக் கோளாறுக்கான வழி.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 50ஐயும் ஆணின் வயது 55ஐயும் தாண்டக் கூடாது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கான காப்பீட்டைத் தம்பதியர் எடுக்க வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி தம்பதியின் சொந்தக் குழந்தை. கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. 'என் தங்கை தரட்டுமே' என்று கேட்பவர்கள் உண்டு. பதிவுபெற்ற வங்கி வழியாக, முகம் தெரியாத கொடையாளரிடமிருந்து பெறுவதே நடைமுறை.

காகிதத்தில் இருப்பது காகிதத்திலேயே நின்றுவிடக் கூடாது. 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் முட்டைகள், போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, திரும்பத் திரும்ப விற்கப்பட்டது வெளியே வந்தது. தம்பதிக்குக் கொடையாளர் யார் என்று தெரியாது. ஆனால் வங்கி பதிவு பெற்றதா, கொடையாளரின் வயதும் மருத்துவப் பரிசோதனைகளும் சரிபார்க்கப்பட்டனவா, காப்பீடு எடுத்தாயிற்றா என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். கிளினிக்கின் பதிவையும் பாருங்கள். முதல்நிலைப் பதிவு பெற்ற இடத்தில் ஐ.யு.ஐ. மட்டும்தான் செய்யலாம். ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும்.

உடலைப் பொறுத்தவரை, டோனர் முட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து சற்று அதிகம். வயதும் கூடியிருந்தால் முதலிலேயே இதயம், சர்க்கரை, அழுத்தம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். மனத்தைப் பொறுத்தவரை அவசரமே கூடாது. 'யார் ஜாடை?' என்று உறவுக்காரர் ஒருவர் கேட்பார், தொட்டிலில் போட்ட அன்றே கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் வேண்டும் என்பதில்லை. கேள்வி வரும் என்று தெரிந்திருந்தால் போதும். குழந்தைக்குச் சொல்வதா, எந்த வயதில் சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேசிவிடுங்கள். ஒருவர் மனப்பூர்வமாகவும் மற்றவர் 'சரி, உங்க இஷ்டம்' என்றும் சம்மதித்த இடங்களில் பின்னால் விரிசல் வருவதுண்டு.

இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு

திருமணம் ஆகவில்லை, அல்லது புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் குழந்தை பெற நேரமில்லை என்ற நிலையில் முட்டையை உறையவைக்கலாம். சட்டப்படி பத்து ஆண்டுவரை வைத்திருக்கலாம். எத்தனை வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் 2017இல் போட்ட ஒரு கணக்கு உதவும். ஒரு குழந்தைக்கு 75 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 34 வயதில் பத்து முட்டை, 37இல் இருபது, 42இல் அறுபத்தொன்று. முறைக்கு மூன்று முட்டை கிடைப்பவர் இந்தக் கணக்கைத் தன் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். 32 வயதில் மூன்று முறை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. 42இல் அது பெரும்பாலும் மன ஆறுதலுக்கு மட்டுமே.

எல்லைக் கோட்டை முதலிலேயே போடுங்கள்

முதல் ஊசிக்கு முன், ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை முறை முட்டை எடுப்போம். எவ்வளவு பணம்வரை செலவழிப்போம். எந்த வயதில் சொந்த முட்டையில் முயல்வதை நிறுத்துவோம். நிறுத்தினால் அடுத்து டோனரா, தத்தெடுப்பா, இருவர் மட்டுமா. இரண்டு முறை எடுத்ததும் அந்தத் தாளை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். சுற்று தோற்ற மறுநாள் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று சொல்வது எளிது. ஒரு நம்பிக்கை வார்த்தையோடு எதிரே டாக்டர் உட்கார்ந்திருக்கும்போது மறுப்பது கடினம். நகையை அடகு வைத்தே தீர வேண்டும் என்று வந்தால் அதுவும் அந்தத் தாளில் முன்பே இருக்கட்டும். நடுவழியில் எடுத்த அடகு முடிவுகள்தான் குடும்பங்களை அதிகம் கசக்குகின்றன. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை ஐ.வி.எஃப்.க்குக் கைகொடுப்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களைச் சமாளிக்கும் வேலையை மனைவி தலையில் கட்ட வேண்டாம். 'விசேஷம் ஏதாச்சும் உண்டா?' என்ற கேள்வி மருமகளிடம்தான் போகும். பதில் மகன் வாயிலிருந்து வரட்டும்: 'டாக்டரப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்மா. ஏதாவதுன்னா மொதல்ல உன்கிட்டதான் சொல்வேன். அவளைக் கேக்காத.' அதற்குமேல் விவரம் தேவையில்லை. யாருடைய முட்டை, யாருடைய விந்து என்ற விவரம் ஒருமுறை வெளியே போனால் திரும்ப வராது.

தத்தெடுப்பை நான்காவது வரியில் எழுதியவர்கள், சிகிச்சை எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தபிறகு காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். அங்கேயும் வயது எண்ணப்படுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85க்குள் இருக்க வேண்டும், தனியாகத் தத்தெடுப்பவர் 40க்குள். கணவருக்கு 45, மனைவிக்கு 41 என்றால் அந்தக் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கான வரிசையில் கூட்டு வயது 90வரை இடமுண்டு.

கடைசியாக, சிகிச்சை எப்படி முடிந்தாலும் கேட்க மறந்துபோகும் ஒரு கேள்வி. கையிருப்பு குறைந்தவர்களுக்கு மாதவிடாய் சற்று முன்னதாகவே நிற்க வாய்ப்புண்டு. 45 வயதுக்கு முன் நின்றால் எலும்பும் இதயமும் பாதுகாப்பை இழக்கின்றன. 40க்கு முன்பே ஓய்ந்துவிட்டவர்கள், தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவர்களின் கருத்து. எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது, கால்சியமும் வைட்டமின் டியும் எவ்வளவு, மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால் யாரைப் பார்ப்பது என்று கடைசிச் சந்திப்பில் கேட்டு, பதிலை அந்த மருத்துவமனைக் கோப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கரு ஏதும் உறைநிலையில் மிச்சம் இருந்தால் அதன் ஆண்டு வாடகை எந்த மாதம் கட்ட வேண்டும் என்பதையும் அதன் கீழேயே குறித்துவையுங்கள்.